நெப்போலியனை நாற்காலியில் உட்காரவைத்த கதை

நெப்போலியன் படம் ஒன்றைப் பார்த்து வரைவதற்காக வாங்கி வந்த கேன்வாஸ் 36க்கு 24 அங்குலம். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுக் கணக்குப் போட்டபோதுதான் தப்பு உறைத்தது. மூலப் படத்தின் உயரம் 180.5 சென்டிமீட்டர், அகலம் 137.5. அகலத்தை 24 அங்குலமாக வைத்துக்கொண்டால் உயரம் முப்பத்தொன்றரைதான் வரும். மீதி நாலரை அங்குலத்தை என்ன செய்வது? தலைக்கு மேலே சுவரைக் கொஞ்சம் நீட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை. சுவர் உயர்ந்தால் அறை பெரிதாகும், அறை பெரிதானால் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர் சிறுத்துப்போவார். இந்தப் படத்தில் அவர் அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

போல் தெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1840இல் வரைந்த படம் அது. 1814 மார்ச் 31, பாரிஸ் எதிரிகளின் கைக்குப் போன நாள், ஃபோன்டென்புளோ அரண்மனையில் நெப்போலியன். குதிரை இல்லை, உருவிய வாள் இல்லை, போர்க்களப் புகை இல்லை. பயணத்திலிருந்து வந்த கோலத்தோடு, சாம்பல் நிற மேலங்கியைக்கூடக் கழற்றாமல், ஒரு நாற்காலியில் சரிந்து கிடக்கிறார். ஒரு கை நாற்காலியின் முதுகுக்கு மேலே தொங்குகிறது. பூட்ஸில் சேறு. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தத் தொப்பி தரையில். முதல் படம் பாரிஸ் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெலரோஷே 1845இல் மறுபடி வரைந்தது ஜெர்மனியில் லைப்சிக் நகர அருங்காட்சியகத்தில். நான் பார்த்து வரைந்தது லைப்சிக் படத்தின் டிஜிட்டல் பிரதியை. இரண்டையுமே நேரில் பார்த்ததில்லை.

என் பிழைப்பு வேறு மாதிரியானது. இறந்துபோன பெரியவர்களின் பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பதினாறாம் நாளுக்குள் வர்ணப் படமாக்கித் தர வேண்டும். ரேஷன் கார்டுப் படத்திலிருந்துகூட வரைந்திருக்கிறேன். அந்த வேலையில் முகம்தான் எல்லாம். தோளுக்குக் கீழே சட்டையும் துண்டும் யாருடையதாக இருந்தாலும் எவரும் கேட்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் என்னை எப்படிக் கவிழ்த்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கேன்வாஸ். ஆசாரியிடம் போய் முப்பத்தொன்றரை அங்குலத்தில் இரண்டு சட்டம் இழைத்து வாங்கினேன். பழைய நீளச் சட்டங்களைக் கழற்றி, துணியை வெட்டி, மறுபடி இழுத்து ஆணி அடித்தேன். இழுக்கும்போது நடுவிலிருந்து மூலைக்குப் போக வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் துணியில் அலை விழும். வெட்டி எடுத்த துண்டை எறியாமல் வைத்துக்கொண்டேன். நிறம் சேர்த்துப் பார்க்க அதே துணி, அதே பூச்சு. பிற்பாடு அந்தத் துண்டு இல்லாவிட்டால் படமே கெட்டிருக்கும்.

கட்டம் போடப் பென்சிலைத் தொடவில்லை. மெல்லிய வண்ணப் பூச்சுக்கு அடியிலிருந்து பென்சில் கோடு காலப்போக்கில் எட்டிப் பார்க்கும். சட்டத்தின் பக்கவாட்டில் மூன்று அங்குலத்துக்கு ஒரு சிறிய ஆணி அடித்து, வெள்ளைத் தையல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். அகலத்தில் எட்டுக் கட்டம், உயரத்தில் பத்தரை. சுவர் விளம்பரம் எழுதுகிறவர்கள் வண்ணப் பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்களே, அதே சங்கதிதான்; இங்கே நூல் அப்படியே நின்றது. கரிக்குச்சியால் உருவத்தை வாங்கிய பிறகு நூலை அறுத்து எடுத்துவிட்டால் கட்டம் இருந்த சுவடே கிடையாது.

அடிப்பூச்சுக்கு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பென்டைனில் கரைத்துத் தேநீர் நிறத்தில் துடைத்துவிட்டேன். அதன்மேல் ரா அம்பர் என்ற மண் பழுப்பு ஒன்றை மட்டும் வைத்து நிழல் வெளிச்சம் முழுவதையும் ஒரு சுற்று. அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் எண்ணெய் சீக்கிரம் காயும். மறுநாளே மேலே வேலை செய்யலாம். ஐவரி பிளாக் என்ற கறுப்பு நேர்மாறு, வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே அடியில் அம்பர், மேலே கறுப்பு. எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே. இந்த வரிசையை மாற்றினால் சில வருடங்களில் மேல்தோல் வெடிக்கும்.

தெலரோஷின் காலத்து ஓவியர்கள் பலர் ஆழ்ந்த நிழலுக்கு பிட்டுமென் என்ற தாரை எண்ணெயில் சேர்த்துப் பூசினார்கள். பூசிய அன்று தேன் போல மின்னும். ஆனால் அது முழுதாகக் காய்வதே இல்லை. கறுத்துச் சுருங்கி முதலைத் தோலாகும். ஜெரிக்கோ என்ற பிரெஞ்சு ஓவியரின் 'மெடூசாவின் தெப்பம்' இருண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். நான் பர்ன்ட் அம்பரில் அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்து எண்ணெயில் மெல்லியதாக ஓட்டினேன். தார் இல்லாமலே தாரின் ஆழம் கிடைத்தது.

நிறத்தைப் பற்றி ஒரு புலம்பல். ஒரே ஓவியத்தின் டிஜிட்டல் பிரதிகள் நான்கை இறக்கினேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று காமாலை கண்ட மஞ்சள். எதை நம்புவது? கடைசியில் எந்த நிறத்தையும் நம்பாமல் உறவை மட்டும் பார்த்தேன். இடுப்புச்சட்டையின் வெள்ளை முகத்தைவிட எவ்வளவு வெளிச்சம், மேலங்கி சுவரைவிட எவ்வளவு வெளிச்சம் என்று. அந்த உறவு நான்கு பிரதிகளிலும் மாறவில்லை.

இப்போது முகம். என் கைக்குப் பழகிய இடம் என்பதால் முதலில் அங்கேதான் போனேன். உள்ளங்கைக்கும் சிறிய முகம். மூன்று மாலையில் முடித்து, எட்டி நின்று பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தார்.

"யார் இது? ஏன் அழுகிறார்?"

அழவில்லை அம்மா, யோசிக்கிறார் என்றேன். அம்மா நம்பவில்லை. அவர் சொன்னது சரி. தோற்ற தளபதி என்றதும் என் கை தானாகச் சோகத்தை வரைந்திருக்கிறது. புருவங்களின் உள்முனைகளைத் தூக்கிவிட்டேன். அது காலண்டர் படங்களில் வரும் சோகம். வாயோரத்தைக் கீழே இறக்கிவிட்டேன். போதாததற்குக் கீழ் இமை ஓரத்தில், உயிர் வரட்டும் என்று, பழக்க தோஷத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்திருந்தேன். கண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

மூலத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். புருவம் தாழ்ந்து, ஏறக்குறைய நேர்கோடாக, கண்ணின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. பார்வை அந்தப் புருவத்துக்கு அடியிலிருந்து வருகிறது, ஆனால் எதன்மேலும் விழவில்லை. உதடு மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அழுகைக்குரிய ஒரு கோடும் இல்லை. பிறகு ஏன் படத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைகிறது? முகத்தில் இல்லாதது வேறெங்கோ இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது.

வண்ணம் முழுதாக இறுகவில்லை. பேலட் கத்தியால் நெற்றியிலிருந்து மேலுதடு வரை சுரண்டி, துணியில் சொட்டு எண்ணெய் வைத்துத் துடைத்தேன். அடியில் இருந்த அம்பர் முகம் சேதமில்லாமல் வெளியே வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு உடம்புக்குப் போனேன்.

உடம்புக்கு மாதிரியாக எங்கள் மாமாவை உட்காரவைத்தேன். குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூருக்கு இறங்கி வந்து பல வருடமாகியும் பழைய கம்பளிக் கோட்டை நாப்தலின் உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். முதலில் மழைக்கோட்டை வைத்து முயன்றேன், சரிப்படவில்லை. மழைக்கோட்டின் மடிப்பு கூர்மையாக, காகிதம் கசங்கியதுபோல விழும். கம்பளி உருண்டு, சோம்பலாக விழும். படத்தில் இருப்பது கம்பளி. ஏப்ரல் மாதத்து வெயிலில், மின்விசிறிக்கு அடியில், மாமா கம்பளிக் கோட்டோடு மர நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து.

"மாமா, கொஞ்சம் சரிந்து உட்காருங்கள்."

"படம் எடுக்கிறேன் என்றுதானே சொன்னீர்கள் மாப்பிள்ளை? சரிந்து உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?"

சரி என்று விட்டுவிட்டேன். ஊர்க்கதை, நிலத் தகராறு, யாருக்கு எப்போது கல்யாணம் என்று பேசிக்கொண்டே வரைகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம். பேச்சு தீர்ந்தது. மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். அவரை அறியாமல் இடுப்பு நாற்காலியில் முன்னே நழுவியது. எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கியது. வயிறு வெளியே வந்து சட்டைப் பொத்தான்களுக்கு இடையே குறுக்கு மடிப்புகள் விழுந்தன. நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. உடம்பு கீழே நழுவியபோது கோட்டு கூடவே நழுவவில்லை. முதுகுச் சாய்மானத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. அதனால் காலர் மேலே ஏறிக் காதுமடலைத் தொட்டது, கழுத்து காணாமல் போனது, தலை தோளுக்குள் இறங்கியது.

மூச்சுவிடாமல் மூன்று போட்டோ எடுத்தேன். தெலரோஷின் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கரிக்கோட்டில் நெப்போலியனுக்கு அழகான கழுத்து இருந்தது. பதினாறாம் நாள் படங்களின் கழுத்து. அதைத் துடைத்துவிட்டுத் தலையைக் கால் அங்குலம் கீழே இறக்கினேன், காலரைக் காதோரம் ஏற்றினேன். முகத்தில் இன்னும் வெறும் அம்பர்தான். அதற்குள்ளாகவே மனிதர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

இதற்கு முன்னால் டேவிட் என்ற பிரெஞ்சு ஓவியர் 1812இல் வரைந்த நெப்போலியன் படத்தைத்தான் உயர்வாக நினைத்திருந்தேன். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது. வேலை அறையில், இடுப்புச்சட்டைக்குள் கையை விட்டு நிற்கிறார். கடிகாரத்தில் மணி நாலேகால் ஆகப்போகிறது, மெழுகுவத்தி கரைந்துபோயிருக்கிறது. இரவு முழுக்கச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார் என்று நமக்குப் புரிய வேண்டும். புரிகிறது. ஆனால் யோசனையைச் சொல்லக் கடிகாரமும் மெழுகுவத்தியும் வேண்டியிருக்கிறது. இரவெல்லாம் உழைத்தவரின் கால் அந்தப் படத்தில் துளியும் சோரவில்லை. இதே தெலரோஷ் பின்னால் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனையும் வரைந்தார். அதே காட்சியை வரைந்த டேவிடின் இன்னொரு படத்தில் வரும் துள்ளும் குதிரைக்குப் பதிலாக, உண்மையில் நடந்தபடி, கோவேறு கழுதைமேல்.

மேலங்கிக்கு வந்தேன். ஐவரி பிளாக்கும் டைட்டானியம் ஒயிட்டும் கலந்தால் சாம்பல் என்று எந்தக் குழந்தையும் சொல்லும். கலந்து துண்டுத் துணியில் பூசினால் சிமென்ட் மூட்டை. நீலம் பாய்ந்த, சுண்ணாம்பு தட்டிய சாம்பல். யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள் கொஞ்சம், ரா அம்பர் கொஞ்சம் சேர்த்தபோது கம்பளி வந்தது. வெளிச்சம் படும் இடத்தில் ஓக்கர் கூட, நிழலில் அம்பர் கூட. கறுப்பு மிகக் குறைவு. பதினோரு முறை பூசிப் பார்த்தேன். நாலரை அங்குலத் துண்டு அதிலேயே தீர்ந்தது. தெலரோஷின் பரப்பில் பிரஷ் தடமே தெரியாது, பீங்கான் மாதிரி. அந்த மென்மைக்குத் தங்கையின் ஒப்பனை பிரஷ் ஒன்றைக் கேட்காமல் எடுத்தேன். உலர்ந்த பிரஷ்ஷால் ஈர வண்ணத்தை மேலோட்டமாக நீவினால் விளிம்புகள் கரைந்துவிடும். அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாகிவிட்டது.

சேற்றில்தான் மொத்தமாக மாட்டிக்கொண்டேன். கறுப்பு பூட்ஸை முடித்து, காயவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் பழுப்பு நிறத்தைத் தோய்த்துக் கட்டைவிரலால் சுண்டித் தெளித்தேன். சேறு தெறித்தால் அப்படித்தானே இருக்கும்? இல்லை. காலுக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. டர்பென்டைன் துணியால் துடைத்து எடுத்தேன்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. ஸ்கூட்டரில் போய் மண் சாலையில் வேண்டுமென்றே இறங்கி நடந்து, காலணியை அப்படியே செய்தித்தாளின்மேல் வைத்து அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். தெறித்த புள்ளிகள் கொஞ்சம்தான். பெரும்பகுதி அப்பிய சேறு. அடித்தோலின் விளிம்பில் தடித்த வரப்பு. கணுக்கால் மடிப்பில் தேங்கி நின்றது. மேலே போகப் போக ஈரத்தில் இழுபட்ட மெல்லிய படலம். ஈரமாக இருக்கும்வரை தோலைவிடச் சற்றே வெளுப்பு, ஆனால் மின்னும். காயும்போது ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டு வரும். நடுவில் ஒரு கரிய ஈரத் தீவு கடைசிவரை நிற்கும்.

அதையே பூட்ஸில் வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன்: எங்கள் பக்கத்துச் செம்மண்ணை நெப்போலியனின் காலில் அப்பிவைத்திருக்கிறேன். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. ஃபோன்டென்புளோ வரும் வழியில் அந்தச் சிவப்புக்கு எங்கே போவது? பாரிஸைச் சுற்றி அடியில் சுண்ணாம்புப் பாறை, மண் வெளிறியது. ரா அம்பர், ஓக்கர், வெள்ளை, துளி கறுப்பு என்று மறுபடி.

எவ்வளவு ஈரம் வைப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பயணக் கதையைப் படித்தேன். மார்ச் 30ஆம் தேதி படையைப் பின்னால் விட்டுவிட்டு, குதிரையிலும் பிறகு வண்டியிலுமாக பாரிஸை நோக்கிப் பறந்திருக்கிறார். இரவில் ஜுவிசி என்ற இடத்து அஞ்சல் நிலையத்தில் குதிரை மாற்ற நின்றபோது எதிரே வந்த தளபதி பெல்லியார் செய்தியைச் சொல்கிறார்: பாரிஸைக் காத்த மார்மோனும் மோர்தியேவும் சரணடைய இசைந்துவிட்டார்கள். அங்கிருந்து பாரிஸ் 20 கிலோமீட்டர்தான். திரும்பி, விடியும் நேரத்தில் ஃபோன்டென்புளோ. கடைசிப் பகுதி முழுக்க வண்டிக்குள். அப்படியானால் சேறு ஓரங்களில் காய்ந்திருக்கும், கணுக்கால் மடிப்பில் மட்டும் ஈரம் நிற்கும். மடிப்பில் இரண்டு இடத்தில் மட்டும் மினுமினுப்பு வைத்தேன். தெலரோஷுக்கு அன்று வயது 16. அவரும் பார்த்து வரையவில்லை. சிறைவைக்கப்பட்டு இறந்த செயின்ட் ஹெலினா தீவிலிருந்து நெப்போலியனின் உடல் பாரிஸுக்கு வந்து சேர்ந்த வருடத்தில், 26 ஆண்டு கழித்து, அந்தச் சேற்றை யோசித்து யோசித்துதான் வைத்திருப்பார்.

தொப்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலில் செத்த காக்கை. சார்ட் பேப்பரில் ஒன்று செய்து தரையில் போட்டுப் பார்த்து வரைந்தும் காக்கைதான். கடைசியில் தெரிந்தது, தொப்பியில் தப்பில்லை. அடியில் நிழல் இல்லாததால் அது தரையைத் தொடவே இல்லை. விளிம்புக்குக் கீழே நூலளவு கருநிழல் வைத்ததும் இறங்கிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு முகத்துக்குத் திரும்பினேன். ஒரே மாலையில் முடிந்தது. புருவத்தை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன். கீழ் இமையில் புள்ளி வைக்கக் கை போனது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இவருக்குக் காய்ச்சலா?" என்றார்.

காய்ச்சல் இல்லை, ராஜ்யம் போய்விட்டது, இன்னும் ஆறு நாளில் முடியைத் துறப்பார், அப்புறம் எல்பா என்ற தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டே படத்தின் கீழ்ப்பக்கம் பார்த்தார்.

"அதற்காகத் தொப்பியைத் தரையிலா போடுவார்கள்? எடுத்து மாட்ட ஓர் ஆள்கூடவா இல்லை?"

மேலங்கியின் நிழலில் சில இடங்கள் எண்ணெயைக் குடித்துச் செத்துப்போய் மங்கித் தெரிந்தன. கறுப்பும் அம்பரும் சேரும் இடத்தில் இது சகஜம். லின்சீட் என்ற ஆளி விதை எண்ணெயையும் டர்பென்டைனையும் சரிபாதி கலந்து விரல் நுனியால் மிக மெல்லியதாகத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றி எடுத்தேன். நிறம் மீண்டு வந்தது. இதை வெள்ளைப் பகுதியில் செய்யக் கூடாது, மஞ்சளாகும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். இடுப்புச்சட்டையின் வெள்ளையில் ஒரு பொத்தான் மற்றவற்றைவிடப் பெரிதாகிவிட்டது. இப்போதைக்கு அதைத் தொடவில்லை.

படம் வடக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்கிறது. பூட்ஸ் காய்ந்துவிட்டது, முகம் காய்ந்துவிட்டது. தொப்பி மட்டும் மூன்று வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது. நேற்றுக் காலையில் அதில் ஒரு கொசு சிக்கியிருந்தது. ஊசியால் எடுத்தேன், ஒரு கால் அங்கேயே தங்கிவிட்டது. கறுப்பில் கறுப்பு, தெரியாது.